இன்னாசிக்கு விட்ட இடம்

மனிதக் காதின் வேலை முடிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பாட்டு என்ற ஒன்றை உட்கார்ந்து, நேரம் செலவழித்து, தலையை ஆட்டிக் கேட்டுவந்த மனித இனம் அந்தச் சிரமத்திலிருந்து விடுதலை அடைந்தது 2043-ஆம் ஆண்டு ஜூலை மாதம், கிண்டியில், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், என் மேஜையில். இதில் எனக்குத் தற்பெருமை எதுவும் இல்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் அடக்கமாகத்தான் இருந்திருப்பான்.

விஷயம் எளிது. ஒருவர் பல வருஷமாக ஃபோனில் என்னென்ன பாட்டு கேட்டார், எந்த இடத்தில் நிறுத்தினார், எதைத் திருப்பிப் போட்டார், எங்கே சத்தத்தைக் கூட்டினார் என்பதெல்லாம் தெரிந்தால், அவரைப் போலவே பாட்டு கேட்கும் ஒரு நிரலைச் செய்துவிடலாம். அதற்கு நிழற்காது என்று பெயர். எங்கள் நிறுவனத்திடம் பத்து லட்சம் நிழற்காதுகள் இருந்தன. புது ஆல்பம் ஒன்று வந்தால் பத்து லட்சமும் ஒரே நேரத்தில் கேட்கும். நாலு நிமிடத்தில் தீர்ப்பு. எத்தனை பேர் கடைசிவரை கேட்பார்கள், எத்தனை பேர் நடுவில் ஓடுவார்கள், எத்தனை பேர் பழைய காதலிக்கு அனுப்பிவிட்டு உடனே அழிப்பார்கள் என்பதுவரை வந்துவிடும். விமர்சகர்களுக்கும் நிழற்காது செய்து சேர்த்தது மட்டும் என் பங்கு. அதற்கப்புறம் எந்த ஆல்பத்தையும் எந்த மனிதரும் கேட்டுப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. நூற்றுக்கு ஐம்பத்தைந்து வாங்கினால் வெளியீடு. வாங்காவிட்டால் திருத்தும் எந்திரத்துக்குப் போய், வாங்கிக்கொண்டு வரும்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இருநூற்றுப் பதினான்கு ஆல்பங்களுக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. கொலை நடந்த இடத்தில் நீதிபதி போய் நிற்பதில்லை.

எங்கள் மேலாளர் ரேணுகாதேவி மேடம் என்னை ஒரே ஒரு முறை பாராட்டியிருக்கிறார். அந்த வாக்கியமும் “மேஜையத் தட்டாத திருமாறன்” என்றுதான் முடிந்தது. விரலால் மேஜையைத் தட்டுவது என் பழக்கம். கல்லூரியில் இதற்காகவே ஏழு முறை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன். அறிவாளிகளிடம் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

இருநூற்றுப் பதினைந்தாவது ஆல்பம் பெர்க்மான்ஸ் மச்சாடோவுடையது. அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் ‘ரெண்டாம் கேட்’ என்று ஒரு ராக் குழு இருந்தது. தமிழில் ராக் பாட முடியாது என்று எல்லோரும் சொன்ன காலத்தில் துணிந்து பாடி, எல்லோரும் சொன்னது சரிதான் என்று பாதிப் பேரை நம்பவைத்த குழு. மீதிப் பாதி இன்றும் அதே கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அலைகிறது. பாடியதும் கிடார் வாசித்ததும் பெர்க்மான்ஸ். இப்போது அவருக்கு எழுபத்தொன்று. பழைய ஒப்பந்தத்தில் ஓர் ஆல்பம் மிச்சம் இருந்தது. ‘மூன்றாம் சங்கு’ என்று பெயர் வைத்து, ஒன்பது பாட்டு அனுப்பினார்.

மூன்று மதிப்பெண் வாங்கியது.

மெயிலில் தீர்ப்பு சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆள் வந்து சொல்லட்டும் என்றார். ஜனவரியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு என்னை அனுப்பினார்கள்.

ராயபுரத்தில், மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி ஒன்றின் பின்பக்கத்தில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. ஐஸ் உருகாமலிருக்க இரண்டடி கனத்தில் கட்டிய சுவர், சத்தத்தையும் வெளியே விடாது என்றார். மீன் வாடையையும் விடவில்லை. முற்றத்தில் ஒரு மாருதி ஆம்னி சக்கரம் இல்லாமல் செங்கல்மேல் நின்றது. பெட்ரோல் வண்டிக்குத் தடை வந்து எட்டு வருஷமாகிறது. அவர் அதை ஓட்டுவதில்லை. அதில் உட்கார்ந்து பாட்டு கேட்கிறார்.

அது அந்தக் குழுவின் வழக்கமாம். மிக்ஸ் முடிந்ததும் கேசட்டில் பதிந்துகொண்டு வேனில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்பார்கள். ஸ்டுடியோ ஸ்பீக்கர் முகஸ்துதி செய்யும், வேன் ஸ்பீக்கர் செய்யாது. முன்ஸீட் டிரம்மர் இன்னாசிக்கு. கேட்டுக்கொண்டே இருப்பவர் ஏதாவது ஓர் இடத்தில் “இன்னொருக்கா” என்பார். கேசட்டைச் சுற்றி அந்த இடத்தை மறுபடி போடுவார்கள். பாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். இன்னாசி ஒருமுறையாவது இன்னொருக்கா சொல்லாத பாட்டை, எவ்வளவு நாள் உழைத்ததாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு முழுக் குழுவுக்கு மொத்தம் ஒரே ஒரு காது. எங்களிடம் பத்து லட்சம் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவன்.

அந்தச் சாயங்காலமே அலுவலகத்தில் நடித்துக் காட்டினேன். சுழல் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, எதிரில் இல்லாத கேசட்டை நோக்கிப் பெருமூச்சுவிட்டு “இன்னொருக்கா” என்றேன். கேன்டீன்வரை சிரித்தார்கள். அடுத்த வாரம் சம்பந்தமில்லாத மாடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து, ஒரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆனால் அன்று காலை ராயபுரத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. தீர்ப்பைச் சொன்னேன். ஆல்பம் முழுக்க டிரம்ஸ் இல்லை. அது போதாதென்று ஒவ்வொரு பாட்டிலும் ஓரிடத்தில் எல்லாம் நின்று, நாலு தாளத்துக்குச் சத்தமே இல்லை. ஓடிப்போன காதுகளில் பெரும்பாலானவை ஓடியது அங்கேதான். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்.

அது இன்னாசி தனியாக அடிக்கிற இடம் என்றார் பெர்க்மான்ஸ். இன்னாசி இரண்டரை வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் இறந்துபோயிருந்தார். பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, சாயங்காலம் டிரம்ஸ் அடித்த மனிதர். எப்போதும் அரைத் தாளம் பிந்தித்தான் வருவாராம். வேறு ஆளை வைத்து அடிக்கலாமே என்றேன். ஒரு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் போய், செத்தவர் தட்டில் சாப்பிடலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“கடைசிவரைக்கும் யாருமே கேக்கலியா?” என்றார்.

முழு ஆல்பத்தையும் கேட்டது ஒரே ஒரு நிழற்காது. எண் 6,38,114. அதைப் பிழை என்று நினைத்திருந்தேன். ஏனென்றால் அது ஒன்பது பாட்டிலும் அந்தச் சத்தமில்லாத இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. எட்டு வினாடி பின்னால் போய், மறுபடி கேட்டு, அப்புறம்தான் மேலே போயிருந்தது. ஒன்றுமில்லாத இடத்தை இரண்டாம் முறை கேட்பது மனிதர் செய்யும் காரியமில்லை என்று விளக்கினேன்.

 பாட்டு கேட்டவர் செத்துப்போனால் அவருடைய நிழற்காது என்னாகும் என்று கேட்டார் பெர்க்மான்ஸ். அது பாட்டுக்கு இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் முப்பத்தொன்றாம் தேதிதான் இறந்தவர்களின் காதுகளைச் சட்டப்படி அழிப்போம், சென்ற இரண்டு வருஷமும் அந்த வேலை தள்ளிப்போய்விட்டது என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இன்னாசி ஃபோன்லதான தம்பி பாட்டு கேப்பான். எந்நேரமும் காதுல மாட்டிட்டுத்தான் கிரேன்ல ஏறுவான்” என்றார். “வெறும் இடத்த எவன் இன்னொருக்கா கேப்பான்? அங்க அடிக்க வேண்டியவன்தான் கேப்பான்.”

தர்க்கப்படி இதில் எந்த ஓட்டையும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதிலிருந்து வாரம் ஒருமுறை போக வேண்டியதாயிற்று. அவர் ஒன்பது பாட்டையும் மறுபடி பதிந்துகொண்டிருந்தார், பத்து லட்சம் காதுக்காக இல்லை, அந்த ஒன்றுக்காக. நான் அதை மட்டும் தனியாக ஓட்டி, தாளில் முடிவை எழுதிக்கொண்டு போவேன். “நாலாம் பாட்டுக்கு என்ன சொல்லுதான்?” என்பார். திருப்பிக் கேட்கவில்லை என்று சொன்னால் அன்று முழுக்க அதையே பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டது என்றால் டீ வரும், சில நாள் கூடவே வறுத்த நெத்திலியும். ஏழாம் பாட்டை அது மூன்று முறை திருப்பிய அன்று, “என்னலே கிறுக்கா, இவ்வளவு பிடிச்சிருக்கா?” என்று வேனின் முன்ஸீட்டைப் பார்த்துச் சொன்னார். முன்ஸீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. என்னை ஒவ்வொரு முறையும் உள்ளே ஏறிக் கேட்கச் சொல்வார். எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கும்.

மேடம் சும்மா இருக்கவில்லை. திருத்தும் எந்திரத்திடம் ஆல்பத்தைக் கொடுத்து, காலி இடங்களை டிரம்ஸால் நிரப்பி வாங்கினார். அறுபத்தெட்டு மதிப்பெண். விமர்சகர்களின் நிழற்காதுகள் ‘மூத்த கலைஞரின் கம்பீரமான மறுவருகை’ என்று எழுதின. பெர்க்மான்ஸ் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஏப்ரலில் வெளியீடு. போடாவிட்டால் ஆல்பம் கிடங்கிலேயே இருக்கும், ஒப்பந்தம் முடிந்துவிடும்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். டிரம்ஸ் போட்டதை 6,38,114 கேட்டதா?

இருபதாவது வினாடியில் நிறுத்திவிட்டது என்றேன். அப்போது அவருக்கு வந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு ஒன்றே ஒன்று கேட்டார். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அழிக்கும்போது அந்த ஒரு காதை மட்டும் விட்டுவிட முடியுமா?

இறந்தோர் பட்டியல் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் காதுகள். அதில் 6,38,114 இல்லை. இரண்டு முறை தேடினேன். பட்டியலில் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று எங்கள் நிறுவனம் நம்புகிறது. ஆக, இன்னாசி இல்லை. கிழவரின் மூன்று மாதக் கூத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று உற்சாகமாக மேடத்திடம் போனேன். காதுக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்க்க மேடத்தின் அனுமதி வேண்டும். பெயர் தெரிந்தால் கிழவர் நம்பிவிடுவார் என்று அவரும் உடனே கொடுத்தார். இருவரும் சேர்ந்து திரையைப் பார்த்தோம்.

உரிமையாளர்: கோ. திருமாறன், ஊழியர் எண் 88. பதிவுக் காலம்: ஜூன் 2036 முதல் ஜூலை 2043 வரை. அதன்பின் பதிவு எதுவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபோனைக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். எல்லா ஊழியரும் கொடுப்பதுதான். பதினாறு வயதிலிருந்து இருபத்து மூன்றுவரை தாம்பரம் பஸ்ஸிலும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் நான் என்ன கேட்டேன், எதைத் திருப்பிப் போட்டேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. எந்திரத்துக்கு மறக்கவில்லை. விதிகளில் இன்னொன்றும் உண்டு. மூன்று வருஷம் புதுப் பதிவு இல்லாத காதும் இறந்ததாகவே கொள்ளப்படும். எனக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அவர்கிட்ட போய்ச் சொல்லு” என்றார். “அது இன்னாசி இல்ல, நான்தான்னு சொல்லு. அப்புறம் அவர் கையெழுத்துப் போட்டுருவாரு.”

அவர் மனசு உடைந்துவிடுமே என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில் இருவருக்குமே ஆச்சரியம்.

“உடையட்டும். எழுபத்தொரு வயசு. இதுதான் கடைசி ஆல்பம். நாலு பேரு கேட்டா நல்லதா, செங்கல்மேல நிக்கிற வேன்லயே கெடந்தா நல்லதா?” என்றார். பிறகு, “தட்டாத” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இன்றுவரை தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்குச் சம்மதப் படிவத்தோடு ராயபுரம் போனேன். அறுபது தாண்டியவர்களிடம் காகிதத்தில்தான் கையெழுத்து வாங்க வேண்டும். முற்றத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பெர்க்மான்ஸ் வேனில் டிரைவர் ஸீட்டில் இருந்தார். ஒன்பதாம் பாட்டின் கடைசி மிக்ஸ் முடிந்துவிட்டதாம்.

“லிஸ்ட் வந்திச்சா?” என்றார்.

“வந்துச்சு சார்.”

“இருக்கானா?”

“இல்ல சார். அந்தக் காது பட்டியல்ல இல்ல. அழிக்க மாட்டாங்க.”

இதுவரை நான் சொன்னது எல்லாம் உண்மை. அடுத்த வாக்கியத்தையும் வரும் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவர் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அந்த நிலையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பது நாகரிகமில்லை. நிமிர்ந்ததும், கையில் என்ன என்றார். கையெழுத்துக்கான தாள் என்றேன். வாங்கிப் படிக்காமல் முன்ஸீட்டில் துண்டின் ஓரமாகப் போட்டுவிட்டு, “மொதல்ல ஏறு. கேட்டுட்டுப் பேசு” என்றார்.

அன்று எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை. பின்ஸீட்டில் ஏறினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேசட்டைத் தள்ளினார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு கிடார், பிறகு அவர் குரல். உப்புப் பிடித்த இரும்புபோல இருந்தது, நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. கப்பல் கிளம்பிப் போன பிறகு கரையில் கிடக்கும் ஈரக் கயிற்றைப் பற்றிய பாட்டு. கயிற்றைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேரம் பாடுவாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

கிடார் திரும்ப வந்தது. அப்போதுதான் கவனித்தேன். என் விரல்கள் முன்ஸீட்டின் முதுகில் இருந்தன. அந்த நாலு தாளத்தையும் தட்டி முடித்திருந்தன. யாரும் அவற்றிடம் சொல்லவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கியிருந்தன.

“இன்னொரு தடவ, சார்” என்றேன்.

பெர்க்மான்ஸின் கை பொத்தான்மேல் அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை. வேனின் உள்கண்ணாடியில் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கயிற்றுப் பாட்டு முடிந்து இரண்டாம் பாட்டு தொடங்கும் அளவுக்கு நேரம். பிறகு கேசட்டைச் சுற்றினார். அந்த எட்டு வினாடிக்குச் சரியாகப் போய் நிறுத்தினார். நாற்பது வருஷப் பழக்கம்.

இந்த முறை நான் தெரிந்தே தட்டினேன், தாளத்தில் சரியாக.

“மொத தடவ அடிச்சதுதான் சரி” என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். “தெரியும்லா” என்றார், கண்ணாடியைப் பார்த்தே. “இப்பத் தெரிஞ்சிட்டு. உயிரோட இருக்கவன் ஒருத்தன் கேட்டிருக்கான். அது போதும்.” பிறகு வெகு நேரம் மூக்கைச் சிந்தினார். அந்தச் சத்தத்தில் இரண்டாம் பாட்டின் தொடக்கம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அது முடிவதற்குள் முன்ஸீட்டில் விரித்திருந்த துண்டை ஒரே இழுப்பில் உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“முன்னால வா” என்றார்.

நான் இறங்கி, வேனைச் சுற்றிவந்து, முன்ஸீட்டில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடினேன். எனக்கு அடியில் ஏதோ கசங்கியது. சம்மதப் படிவம். எழுந்து எடுத்திருக்கலாம், ஆனால் மூன்றாம் பாட்டு தொடங்கிவிட்டது.